இடது பக்கம் நின்றவன்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்மேல் வண்டியை ஏற்றினார்கள், கிடைத்தது.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. செவிலிமேட்டில் கையில் பால் பாக்கெட்டோடு ரோட்டின் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஏழரைக்கு டூட்டி என்பதால் காக்கிச் சட்டையை அப்போதே மாட்டியிருந்தேன். பின்னாலிருந்து வந்த ஒரு ஸ்கூட்டர் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே அடித்துச் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. மண்டையில் ஆறு தையல், காலுக்குள் ஒரு கம்பி. வண்டி நம்பரை யாரும் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த என் விசிலும் போன இடம் தெரியவில்லை.

என் பெயர் பூவராகவன். காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், வயது ஐம்பத்திரண்டு. கதையும் எழுதுவேன். இதுவரை பதினொன்று அச்சாகியிருக்கிறது. டிப்போவில் யாரும் படித்ததில்லை, அதனால் நிம்மதியாக எழுதினேன்.

இடித்தவர் யாரென்று எனக்கு இப்போது தெரியும். இடித்தவருக்குத்தான் தெரியாது. தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியிருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். நிஜமாகவே தெரியாது. அதை அவருக்குச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை என் தலையில் கட்டிவிட்டார் ஒருத்தர். அவர் இடித்தவருடைய மகள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘காஞ்சிபுரத்துக் கோபுரங்களின் மேல் பொன்னொளி பரவிய அந்த’

(அடித்துவிட்டேன். நான் கோபுரத்தைப் பார்த்தா விழுந்தேன்? முகம் குப்புறச் சாக்கடையைப் பார்த்து விழுந்தவன்.)

பிறகு இப்படி:

‘மனித மூளை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை’

(இதுவும் வேண்டாம். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கூட இரண்டாவது வரியில் தூங்கிவிடுவார்.)

மூன்றாவது ஆரம்பத்தை என் மனைவி பெருந்தேவி படித்துவிட்டு, “உன் காலு ஒடைஞ்ச கதையில நீ எதுக்கு நடுவுல? அந்தம்மா கதைய சொல்லுப்பா” என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குக் கால்தான் உடைந்தது. எனவே நாலாவது ஆரம்பம்:

பேராசிரியர் அம்பரீன் தன் அப்பாவின் ஸ்கூட்டரை இடது பக்கத்திலிருந்து பார்த்தது, பதினைந்து மாதத்தில் அன்றுதான் முதல் தடவை.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

அம்பரீன் சென்னையில் ஒரு கல்லூரியில் நரம்பு உளவியல் பேராசிரியர். மூளையில் அடிபட்டால், ரத்தக்குழாய் அடைத்தால், மனுஷனிடமிருந்து எதெது போகும், போனதில் எவ்வளவைப் பயிற்சியால் மீட்கலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. சொந்த ஊர் இதே காஞ்சிபுரம். ஒலிமுகமதுபேட்டையில் பரம்பரை வீடு, ஜரிகை வியாபாரம். செவ்வாயும் வெள்ளியும் இங்கே ஒரு மறுவாழ்வு மையத்துக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். அந்த நோயாளிகளில் நானும் ஒருவன்.

கால் பயிற்சிக்கு லில்லி என்று ஒரு பெண். தலைக்கு அம்பரீன் மேடம். என்னவென்றால், தையல் பிரித்த பிறகு எனக்கு ஸ்டாப் வரிசை மறந்துபோயிருந்தது. இருபத்தாறு வருஷம் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்த வரிசை! மாகறல் கோயில் வாசல் ஞாபகம் இருக்கிறது, அதற்கு முந்தின ஸ்டாப் இல்லை. அன்றைக்கு நான் மையத்தின் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

(இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.)

மேடம் ஒரு பயிற்சி வைத்திருந்தார். விபத்து நடந்த காலையில் உடம்பின்மேல் என்னென்ன இருந்தது என்று உச்சியிலிருந்து கால்வரை சொல்ல வேண்டும். நான் சொன்னேன், அவர் பைலில் எழுதிக்கொண்டார். காக்கிச் சட்டை. இடது கையில் வாட்ச். கழுத்தில் பித்தளை விசில். “விசிலுக்குக் கயிறு பெருந்தேவி பின்னுனது மேடம். தறியில மிச்சமான பட்டு நூலு. மாம்பழ மஞ்சளும் அரக்கும். நடுநடுல பச்சை மணி கோத்திருப்பா.”

“எத்தனை மணி?”

“ஏழு.”

“ஞாபகம் நல்லா வருதே சார்” என்று அவர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஏழு மணி அவர் வீட்டுக்குள் போய் என்ன செய்யப்போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

4

இனி அவருடைய மனசுக்குள் போகவேண்டும். ஒரு பேராசிரியர் மனசுக்குள் கண்டக்டர் எப்படிப் போவது? கேட்டுக்கொண்டுதான் போனேன். எழுதிய பக்கங்களை அவரிடமே கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளை உடுக்குறி போட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பரீன் பேட்டை வீட்டில் இருந்தார். அப்பா ஹபீபுல்லாவுக்கு எழுபத்தி நாலு வயது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் பொருத்திக் கொடுத்திருந்தான் தம்பி இம்ரான். வெள்ளிக்கிழமை தோறும் விடிகாலை பஜர் தொழுகை முடிந்ததும் அதில் ஏறிச் செவிலிமேட்டுத் தறிக்காரர்களுக்கு ஜரிகை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். வண்டியை எப்போதும் இடது பக்கம் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துவார். சுவரில் தேய்த்துத் தேய்த்து நிறுத்துகிறார் என்று இம்ரான் சத்தம் போடுவான்.

அன்று வண்டியைக் கழுவ வெளியே உருட்டிக்கொண்டுபோன இம்ரான் அக்காவைக் கூப்பிட்டான். “ஆபா, இங்க வந்து பாரு. லெப்ட் மிர்ரரே இல்ல. எப்ப போச்சின்னே தெரியல.”

அம்பரீன் வந்து பார்த்தார். கண்ணாடி இல்லை. இடது பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கீறல். கீழே, இடது சின்னச் சக்கரத்தின் அச்சில் என்னவோ சுற்றியிருந்தது. சேறு காய்ந்திருந்தது. இம்ரான் தண்ணீரைப் பீய்ச்சினான். மஞ்சள் தெரிந்தது. அரக்கு தெரிந்தது. பிறகு ஒரு பச்சை மணி.

“பட்டு நூலு மாதிரி இருக்குது ஆபா.”

அவர் குனிந்து எண்ணினார். ஐந்து இருந்தது. ஆறாவது சேற்றுக்குள். ஏழாவதைத் தேடவேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் விசில் வந்துவிட்டது. ஒரு பக்கம் நசுங்கிய பித்தளை விசில்.

‘அவருடைய இதயம் ஒரு கணம் நின்றுபோய்’*

* நிக்கல. வேகமா அடிச்சுது. வாந்தி வர்ற மாதிரி இருந்துது. அதையே எழுதுங்க. — அ.

சரி. வாந்தி வரும்போல இருந்தது. அவர் குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்பரீன் எழுந்து போய், குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். “அப்பா, ஆடி மாசத்துல செவிலிமேட்டுல வண்டி எங்கயாச்சும் இடிச்சுதா?”

“இடிக்கறதா? நானா?” ஹபீபுல்லா சிரித்தார். “ஒரு பள்ளம்மா. தடால்னு தூக்கிப் போட்டுது. ரோடா போடறானுங்க?”

5

ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். தவறு இருந்தால் மேடம் குறிப்பு எழுதுவார்.

மூளையின் வலது பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் அடிபட்டால், சிலருக்கு உலகத்தின் இடது பாதி இல்லாமல் போகும். கண் நன்றாகத்தான் இருக்கும். பார்க்கவேண்டும் என்றே தோன்றாது. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போடு என்பார்கள். எதுவும் குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நாம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருக்கும். எல்லாவற்றையும் பேனாவால் வெட்டவேண்டும். இந்த நோய் உள்ளவர் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இடது பக்கத்தை விட்டுவிடுவார்.

அம்பரீன் பெயர் வாங்கியதே இந்தச் சோதனையில்தான். உருதுவும் குர்ஆனும் ஓதிப் பழகியவர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாலும் அவர்களில் பலர் வலது ஓரத்திலிருந்துதான் கோடு வெட்ட ஆரம்பிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நோய் என்று முத்திரை குத்தாதீர்கள் என்று அவர் கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை. எத்தனையோ பேரை வீண் பயத்திலிருந்து காப்பாற்றியிருக்கும்.

அந்தக் கட்டுரைக்காகத் தாள்கள் சேர்த்துக்கொண்டிருந்த வருஷம், நோன்பின் கடைசி வாரத்தில் ஹபீபுல்லாவுக்கு ஒருநாள் தலை சுற்றியது. நோன்பு மயக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஈத் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானில் உட்கார்ந்து, “எனக்கு மட்டும் ஷீர் குர்மா குடுக்கலியே” என்றார். பாயசக் கிண்ணம் அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. விளையாடுகிறார் என்று வீடே சிரித்தது. அம்பரீனும் சிரித்தார்.

சாப்பாடு ஆனதும், சும்மா ஒரு ஆசைக்கு, அப்பாவிடம் கோட்டுத் தாளைக் கொடுத்தார். வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார் அப்பா. “பாருங்க, என் கட்டுரைக்கு நீங்கதான் முதல் சாட்சி!” என்று மகள் கைதட்டினார். பாதிக்கு மேல் வந்ததும் அப்பா பேனாவை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ சலாம் சொன்னார்கள். விருந்தாளியைப் பார்த்து நிறுத்திவிட்டார் என்று மகள் நினைத்துக்கொண்டார்.

சக்கரத்தில் விசிலைப் பார்த்த அன்று, ஈரக்கையோடு அலமாரியிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தார் அம்பரீன். இரண்டாவது படம். ‘வலமிருந்து இடமாகப் படிக்கும் பழக்கமுள்ள ஆரோக்கியமான முதியவர்.’ அப்பாவுடைய தாள். படத்தில் எல்லாக் கோடுகளும் வெட்டப்பட்டிருந்தன. அது எப்படி? மூலத் தாளைத் தேடி எடுத்தார். இடது பக்கம் பதினொரு கோடுகள் தொடப்படாமல் இருந்தன.

அச்சுக்குப் படம் பெரிதாக இருக்கிறது என்று அந்த இடது ஓரத்தைக் கத்தரித்து அனுப்பியது அவரேதான்.

ஐயோ, இதைக் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்! வலது ஓரத்தில் ஆரம்பிப்பது பழக்கம். இடது ஓரத்துக்குப் போய்ச் சேராமலே இருப்பது பழக்கம் அல்ல. முதல் வருஷ மாணவருக்குத் தெரிந்த விஷயம். ஊரெல்லாம் நோயில்லாதவர்களுக்கு நோயில்லை என்று சொல்லிக்கொடுத்தவர், நோயாளிக்கும் நோயில்லை என்று சொல்லி அச்சுப் போட்டுவிட்டார். அந்த நோயாளி பதினைந்து மாதம் ஸ்கூட்டர் ஓட்டினார்.*

 * இந்தப் பாராவ மாத்தாதீங்க. நான் அழல, அதையும் சேத்துக்கோங்க. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறதா எழுதிப் போட்டுட்டேன். — அ.

6

ஒரு வாரம் மேடம் மையத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் பயிற்சி நேரத்தில் மேடம் பைலைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது உங்களுதா பாருங்க சார்.”

பிரித்தேன். என் விசில்! “எங்க மேடம் கெடைச்சுது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“எங்க வீட்டு வண்டியில. அப்பா வண்டி.”

மூன்றரை மாதமாக ஒரு வசவை நாக்கின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். இடித்துவிட்டு ஓடினவன் என்றைக்காவது அகப்பட்டால் அவன் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துக் கேட்பதற்கு. அது வாய்வரை வந்தது. மேடம் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. வசவு அங்கேயே நின்றுவிட்டது, விழுங்கவும் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். ஷீர் குர்மா, தாள், கத்தரிப்பு, தலைசுற்றலுக்கு என்று சொல்லி எடுத்த ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் தெரிந்த பழைய தழும்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

“வண்டிய வித்தாச்சு. சாவியப் புடுங்கிட்டேன்னு அப்பா என்கூடப் பேசறதில்ல. ‘நீ புரொபசரானா நான் பைத்தியமா’ன்னு கேக்கறாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு நம்பறவங்க எப்படி சார் பயிற்சிக்கு உக்காருவாங்க? நடந்தத சொன்னா உக்காருவாங்க. ஆனா சொன்னா... எறும்பு மிதிபட்டாலே அஸ்தக்ஃபிருல்லான்னு அல்லாகிட்ட மன்னிப்பு கேக்கறவங்க சார்.”

“அதுக்கு நான் என்னா பண்றது மேடம்?”

“போலீஸ் பைல்ல இன்னும் அடையாளம் தெரியாத வண்டின்னுதான் இருக்குது. நீங்க எழுதிக் குடுத்தா நானே வந்து சாட்சி சொல்றேன். வேணாம்னா வேணாம். அப்பாவுக்குத் தெரியணுமா, வேணாமா? நான் முடிவு பண்ணக் கூடாது சார். நான் பண்ண முடிவெல்லாம் பாத்துட்டீங்க. அடி வாங்கினவரு நீங்க.”

“நல்லா இருக்குதே! காலும் என்னுது, தீர்ப்பும் என்னுதா?”

அவர் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

7

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு எழுத உட்கார்ந்தேன். (மேடம் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் வழி அது. சிவப்புக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பு, அதற்குப் பிறகு படி. எனக்கு அந்த நோய் இல்லை. பயம் மட்டும் வந்துவிட்டது.)

முதல் முடிவு: போலீஸுக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெரியவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். யாரையும் இடிக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். பொய்யே சொல்லாமல், உண்மையில்லாததைச் சத்தியம் செய்கிறார். விசாரிக்கிறவர் விசிலை எடுத்து மேஜைமேல் வைக்கிறார், இடது பக்கமாக

(இதற்குமேல் கை ஓடவில்லை.)

இரண்டாவது முடிவு: வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு டிப்போவில் நாற்காலி வேலை போட்டுக் கொடுக்கிறார்கள். மகளைத் திட்டிக்கொண்டே பெரியவர் காலத்தை ஓட்டுகிறார். பயிற்சி கிடையாது. ஒருநாள் நடந்தே ரோட்டைத் தாண்டுகிறார், இடது பக்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ். அந்த பஸ்ஸின் கண்டக்டர்

(வேண்டாம்.)

மூன்றாவது முடிவு: அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார். நான் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொள்கிறேன். மழை பெய்கிறது.

பெருந்தேவி இதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏம்பா, இது நடக்கற காரியமா? அந்த மனுசன நீ கண்ணால பாத்தியா? பாக்காதவர பத்தி என்னாத்த எழுதிக்கினு இருக்கற? மொதல்ல போயி பாரு.”

8

போனேன். நேற்று, வெள்ளிக்கிழமை. கண் சோதனை என்று சொல்லி மேடம் அப்பாவை மையத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதன் நடுவில் வெள்ளைத் தொப்பியும் ஜிப்பாவுமாக உட்கார்ந்திருந்தார். தாடியில் வலது பாதி ஒழுங்காகச் சீவியிருந்தது. இடது பாதி கலைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் ஒரு படி இறங்கிவிட்டது, அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. நான் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போய் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை. இரண்டு சாண் தூரம்.

இருமினேன்.

அவர் வலது பக்கம் திரும்பினார். “யாருப்பா?” அங்கே ஒரு மணல் வாளிதான் இருந்தது. “நல்ல ஆஸ்பத்திரி. ஆளில்லாம இருமல் மட்டும் வருது” என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது சொல்லியிருந்தால்.

பிறகு வாளியைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். “என் பொண்ணுதான் இங்க பெரிய டாக்டரு. என் வண்டிய வித்துட்டா. பெத்த பொண்ணு! கையி கால வெட்டிப் போட்ட மாதிரி இருக்குதுப்பா. நாப்பது வருசம் ஓட்டினேன். ஆயுசுல ஒரு ஈ எறும்ப இடிச்சதில்ல.”

என் கால் விண்விண்ணென்று தெறித்தது. கம்பி போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவருடைய ஜிப்பா நுனி என் காக்கி பேண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“நல்ல பொண்ணுப்பா அது” என்றார். “எதுக்கு இப்டி பண்ணான்னுதான் தெரியல. யாராச்சும் சொன்னா தேவல.”

எதிரே கதவருகில் அம்பரீன் நின்றிருந்தார், கையில் கோட்டுத் தாளோடு. எல்லாம் கேட்டிருக்கவேண்டும். அவர் என்னைப் பார்த்தார். கண்ணால்கூட எதுவும் கேட்கவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன். வீட்டில் ஊதிப் பார்த்திருந்தேன். நசுங்கியதில் கொஞ்சம் கரகரக்கிறது, ஆனால் ஊதுகிறது.

இதற்கு மேல் எழுத உட்கார்ந்து ஒன்பது தாள் கிழித்தாயிற்று. எனவே வாசகரே, என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பெஞ்சில் நடுவில் அவர். அவருடைய இடது பக்கத்தில் நீங்கள். உங்கள் கால்தான் உடைந்தது. யாராவது சொன்னால் தேவலை என்று அவர் மணல் வாளியிடம் கேட்டுவிட்டார். எழுந்து அவருக்கு முன்னால் மூன்றடி நடந்து வலது பக்கம் போய் நின்றால், உங்களை அவர் பார்த்துவிடுவார். மூன்றடிதான். எனக்கு அதற்கு ஊன்றுகோல் வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

என் பஸ்ஸில் ஏறியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கவேண்டும். இரண்டு கொடுத்தால் போகலாம். அம்பரீன் கதவருகிலேயே நிற்கிறார். பெரியவர் வாளியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இந்தாருங்கள், விசில்.